மூன்று புள்ளி வீடு

லாண்டரியில் ஒரு துணி தொலைந்துபோக இரண்டு வழிதான் உண்டு. குறி போடாமலே இயந்திரத்துக்குள் போவது ஒன்று. தப்பான குறியோடு போவது இன்னொன்று.

"முதல்ல சொன்னது தேடினா கிடைச்சுடும் மாப்ள. ரெண்டாவது கிடைக்காது. அது வேற வீட்டு அலமாரியில போய் ராஜா மாதிரி உக்காந்திருக்கும்."

கல்யாணமான முதல் வாரத்தில் மாமனார் அவனுக்குச் சொன்னது இது. அந்த வாரம்தான் அவனுக்கும் ஒரு குறி கிடைத்தது. லாண்டரிக்கு வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி. சட்டைக் காலரின் உள்பக்கம், போர்வையின் மூலை, கால்சட்டை இடுப்பின் மடிப்பு. வெந்நீருக்கும் சோடாவுக்கும் அசையாத கறுப்பு மையில், அரிசி அளவுக்கு. குறி நோட்டில் முந்நூற்றுச் சொச்சம் வீடுகள் இருந்தன.

மாமனார் வீட்டுக் குறி மூன்று புள்ளி. அவன் மனைவி பிறந்ததிலிருந்து இருபத்தாறு வருஷம் மூன்று புள்ளித் துணிதான் உடுத்தினாள். கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் அவள் துணிகளையெல்லாம் மேஜையில் கொட்டி, புள்ளிகளை மருந்து தொட்டு அழித்து, புதுக்குறி போட்டார். ஒரு கட்டம், நடுவில் ஒரு கோடு. அவனுக்காக அவரே யோசித்துப் போட்ட குறி.

"என்னப்பா, என்னைப் பார்சல் பண்றீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"பின்ன? உன் துணி எங்க வீட்டுத் துணியோட கலந்தா மாப்ள வீட்டுக்கு மரியாதையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கடைசியாகப் போகுமுன் சலவைக்குப் போட்ட துணிகள் பழுப்புத் தாளில் பொட்டலமாக லாண்டரியின் மேல் தட்டில் இருந்தன. தாளின் மேல் கட்டமும் கோடும். "உங்க வீட்டுத் துணி ஒண்ணு இருக்கு மாப்ள" என்று மாமனார் இரண்டு தடவை சொன்னார். அப்புறம் சொல்வதை விட்டுவிட்டார். அவனும் எடுக்கவில்லை.

*

மூன்றாவது நாளாக மழை. மொட்டை மாடியில் கொடி கட்ட வழியில்லை. விடுதியிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் லாண்டரிக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகத் தொங்கின. உள்ளே நடக்க வேண்டுமென்றால் குனிந்து குனிந்து போக வேண்டும்.

அவன் தண்ணீர் வாரியத்தில் குழாய் வரைபடம் போடுகிறவன். எந்தத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு எந்த வழியாகத் தண்ணீர் போகிறது என்று கோடு போடுவதுதான் வேலை. காலையில் ஐந்து வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, அலுவலகம் போகுமுன் அரைமணி நேரம் லாண்டரியில் விரிப்பு மடிப்பான். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். நான்கு மூலை, நான்கு கை. இழுத்து உதறி, நடுவில் சேர்ந்து, பின்னால் நகர்ந்து, மறுபடி சேர வேண்டும். முன்னெல்லாம் அக்காவும் தங்கையுமாக மடிப்பார்கள். வாயும் கையும் சேர்ந்து ஓடும். இப்போது அவனும் இஸ்திரிக்காரரும்.

இஸ்திரிக்காரருக்கு 'ஆவி' என்று பெயர். இருபது வருஷமாக நீராவிக்கு நடுவே நிற்பதால் வந்தது. "செத்தா தனியா ஆவியாக வேண்டியதில்ல, ஏற்கனவே பதவி கொடுத்துட்டாங்க" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"இழுங்க எஞ்சினியர். சோத்துல கைவெக்கிற மாதிரி பிடிக்காதீங்க. பேய் மாதிரி இழுக்கணும்."

"நீங்கதானே ஆவி. நீங்க இழுங்க."

"பார்றா. இவருக்கும் பேச்சு வருது."

மேஜைக்குப் பின்னால் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். அவன் மனைவியின் அக்கா. முப்பத்தொன்பது வயது. கட்டிக்கொடுத்த இடம் ஒத்துவராமல் ஒரே வருஷத்தில் திரும்பி வந்தவள். வந்த அன்றே அவள் துணிகளுக்கு அப்பா மறுபடியும் மூன்று புள்ளி போட்டுவிட்டார். அதற்கப்புறம் அதைப்பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. குறி போடுவது, நோட்டில் எழுதுவது, வாடிக்கைக்காரரைத் திட்டுவது எல்லாம் அவள்தான்.

மூன்று மாதத்துக்கு முன் அவள் வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயு என்றார்கள். பிறகு சினைப்பையில் கட்டி என்றார்கள். பிறகு, வயிறு முழுக்கப் பரவியிருக்கிறது என்றார்கள். இரண்டு தடவை மருந்து ஏற்றியாகிவிட்டது. தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து குறி போட்டாள்.

"தம்பி, நாளைக்கு என்னமோ ரத்தம் எடுத்துப் பரம்பரை பார்க்கணுமாம். இந்த மாதிரி கட்டி வந்தவங்க எல்லாருக்கும் இப்பப் பார்க்கிறாங்களாம். வீட்ல பெரியவங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. அப்பா வரார். பாரம் எழுத நீங்களும் வரணும்" என்றாள்.

"வரேன் அக்கா."

"பரம்பரையா?" என்று மாமியார் உள்ளேயிருந்து கேட்டார். கையில் பேத்திக்கு உரித்த முட்டை. "அப்ப என்கிட்டயிருந்துதான். பொம்பளை வியாதி பொம்பளைகிட்டயிருந்துதானே வரும்? சின்னவளுக்கும் நான்தான் கொடுத்தேன். இவளுக்கும் நான்தான். ரெண்டையும் பெத்த வயிறு இது."

"சும்மா இரு. அது அந்த மருந்து வாடை. நான்தான் சொன்னேனே" என்றார் மாமனார்.

தண்ணீர் இல்லாமல் துணி வெளுக்கும் இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அதன் மருந்து மூக்கைக் குத்தும். சின்னவள் பள்ளிக்கூட நாளிலிருந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பாடம் எழுதினாள். அவள் இறந்த மறுவாரம் மாமனார் அந்த இயந்திரத்தை ஆள் வைத்துக் கழற்றி வெளியே அனுப்பிவிட்டார். அது நின்ற இடத்தில் தரையில் நான்கு துருக்கறை இருந்தது. அவர் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிப்போவார்.

*

பரம்பரை விவரம் கேட்கும் அறை ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், கோப்புகள் வைக்கும் அறைக்கு எதிரே இருந்தது. ஒரு மேஜை, நான்கு நாற்காலி, ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். டாக்டர் இல்லை, ஆனால் டாக்டரைவிடப் பொறுமை.

அவன் பாரத்தை வாங்கி எழுதினான். பெயர், வயது, விலாசம். ஐந்தாவது கேள்வி வந்ததும் பேனா நின்றது. 'குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?'

இதே கேள்வியை இதற்கு முன் ஒரு தடவை பார்த்திருக்கிறான். வேறு ஆஸ்பத்திரி. வேறு பாரம்.

அந்தப் பெண் தானே கேட்டாள். "குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருக்காவது இருந்துச்சா சார்?"

"இல்லம்மா. எங்க வீட்ல இவதான் முதல்" என்றார் மாமனார்.

பெரியவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவன் பேனாவைப் பார்த்தான்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எந்த வயசா இருந்தாலும் சரி."

"யோசிக்கிறதுக்கு என்னம்மா இருக்கு? எங்க வீட்ல எல்லாரும் நல்ல ஆயுசு. எங்கப்பா எண்பத்தொண்ணு. எனக்கு அறுபத்தாறு, இன்னிக்கும் ஈரப் போர்வையை ஒரு கையில பிழிவேன்."

"அப்பா" என்றாள் பெரியவள். மறுபடி சொன்னாள். "அப்பா, சின்னவ."

"சின்னவ யாரு?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"என் ரெண்டாவது பொண்ணு. இவர் சம்சாரம்" என்று அவனைக் காட்டினார். "தவறிட்டா. ரெண்டு வருஷம் ஆச்சு."

"என்ன ஆச்சு சார்?"

"மார்ல கட்டி."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "சார், குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னு சொன்னீங்களே."

"ஆமாம்மா. அது இவர் வீடு. கட்டிக்கொடுத்தாச்சு இல்ல?"

ஒளிக்கிற முகமில்லை. லாண்டரி மேஜையில் நின்று, 'இந்தப் போர்வை உங்களுது இல்லம்மா, எதிர்வீட்டுது' என்று சொல்கிற அதே முகம். அவன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. காதில் மட்டும் ஒரு இயந்திரம் சுற்றும் சத்தம்.

அந்தப் பெண் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். "வீடு வேண்டாம் சார். கூடப் பிறந்தவங்களை மட்டும் சொல்லுங்க. யார் எங்க போனாங்கன்னு வேண்டாம். உங்க அம்மா அப்பாவுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"நாலு பேர். ரெண்டு அக்கா, நான், ஒரு தம்பி."

அவள் பெண்ணுக்கு வட்டமும் ஆணுக்குக் கட்டமும் போட்டாள்.

"இதுவும் குறியாம்மா?" என்றார் மாமனார். தொழில்காரரின் ஆர்வம்.

"ஆமா சார். பெரியக்கா இருக்காங்களா?"

"இல்ல. நாப்பத்து நாலுல போய்ட்டாங்க."

"எதனால?"

"வயித்துல நீர் கோத்துக்கிச்சு. அவங்க மாமியார் வீட்ல சரியா கவனிக்கல. அப்படித்தான் நாங்க நெனச்சோம்." அவர் பேச்சு மெதுவாகியது. "வயிறு உப்பி... இவளுக்கு வந்த மாதிரிதான்."

அவள் வட்டத்தைக் கறுப்பாக்கி, குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

"அடுத்த அக்கா?"

"சின்னக்காவும் போய்ட்டாங்க. மார்ல புண்ணு. அவங்க கட்டிக்கிட்டுப் போன ஊர்ல தண்ணி சரியில்லன்னு சொன்னாங்க."

இன்னொரு கறுப்பு வட்டம். இன்னொரு கோடு.

"உங்கப்பாவோட கூடப் பிறந்தவங்க?"

மாமனார் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே கையை நீட்டி, அவருடைய அப்பாவின் கட்டத்துக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இங்க ஒண்ணு போடுங்கம்மா. எங்கப்பாவோட தங்கச்சி. நான் பார்த்ததில்ல. பிள்ளை பெத்து ரெண்டு வருஷத்துல மார்ல கட்டி வந்து போய்ட்டாங்கன்னு சொல்வாங்க."

பெரியவளுக்கு ஒரு கறுப்பு வட்டம். தங்கைக்கு ஒரு கறுப்பு வட்டமும் கோடும். ஐந்து வட்டம். எல்லாம் மூன்று தலைமுறைக்குள். நடுவில், கறுப்பில்லாமல், வெள்ளையாக ஒரு கட்டம். அது மாமனார்.

குழாய் வரைபடம் பார்க்கிறவனுக்குத் தனியாக யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தாம் கேள்விக்கு எதிரே 'ஆம்' என்று எழுதினான். மூன்றெழுத்து கூடக் கிடையாது. எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது.

பெரியவளிடமும் மாமனாரிடமும் ரத்தம் எடுத்தார்கள். மாமியார் பிடிவாதமாக மறுநாள் வந்து தானும் கொடுத்துவிட்டுப் போனார்.

*

முடிவு வர நான்கு வாரம். மழை விட்டு வெயில் வந்தது. விரிப்புகள் மாடிக்கு ஏறின. அவன் காலையில் மடித்தான், அலுவலகம் போனான், சாப்பிட்டான். மகள் ஏதோ கேட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழுந்தது. மாமனாரும் பேசவில்லை. ஆவி மட்டும், "ரெண்டு ஊமை நடுவுல ஒரு ஆவி" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் சிரிக்காததால் அதோடு விட்டுவிட்டார்.

முடிவைச் சொன்னது டாக்டர். நரைத்த தலை, சுருக்கமான பேச்சு. மாமியாரும் உள்ளே வந்து, இப்போதே எழுந்துவிடப் போகிறவர் மாதிரி நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"அம்மாகிட்ட எதுவும் இல்ல" என்றார் டாக்டர்.

"என்ன சார்?"

"உங்ககிட்ட அந்தக் கோளாறு இல்லம்மா. அப்பாகிட்ட இருக்கு. அவர்கிட்டயிருந்துதான் பெரிய பொண்ணுக்கு வந்திருக்கு."

மாமியார் கணவரைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆம்பளைக்கு எப்படி டாக்டர்?" என்றார் மாமனார். "எனக்கு ஒண்ணும் இல்லையே."

"வரலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல. உடம்புல செல் நாள் முழுக்கப் பழுதாகும், அதைச் சரி பண்ற ஒரு ஜீன் இருக்கு. உங்க வழியில அதுல ஒரு பிரதி பிறவியிலேயே உடைஞ்சிருக்கு. ஆம்பளைக்கும் ஆபத்து உண்டு, குறைச்சல். உங்களையும் வருஷா வருஷம் பார்ப்போம். பொம்பளைக்கு மார், சினைப்பை ரெண்டுலயும் ஆபத்து பல மடங்கு. உங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போக, போகாம இருக்க, பாதிக்குப் பாதி."

"அப்ப அந்த மெஷின்?"

"எந்த மெஷின்?"

மாமனார் ஒன்றுமில்லை என்று கையை அசைத்தார்.

"இதுல ஒரு நல்ல விஷயமும் இருக்கு" என்று டாக்டர் பெரியவளிடம் திரும்பினார். "இந்தக் கோளாறு இருக்கிறவங்களுக்கு இப்ப ஏத்துற மருந்து பொதுவா நல்லாக் கேட்கும். உங்களுக்குக் கேட்குது, ரத்தத்துல அளவு இறங்குது. இது முடிஞ்சதும் ஒரு மாத்திரை தருவோம். அது இந்தக் கோளாறு இருக்கிறவங்களுக்குத்தான் நல்லா வேலை செய்யும். எப்படின்னு சொல்றேன். கிழிசல் தைக்க ரெண்டு தையல்காரர்னு வெச்சுக்குங்க. கட்டியில இருக்கிற செல்லுல முதல் ஆள் கிடையாது. ரெண்டாவது ஆளை வெச்சுத்தான் பிழைக்குது. மாத்திரை அந்த ரெண்டாவது ஆளை நிறுத்திடும். கிழிசல் மேல கிழிசல் விழுந்து அந்தச் செல் செத்துடும். நல்ல செல்லுல முதல் ஆள் இன்னும் வேலைக்கு வர்றார், அதனால அது தாங்கும்."

"குணமாயிடுமா?" என்றாள் பெரியவள்.

"வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா, நிறைய பேருக்கு வருஷக்கணக்குல திரும்பி வராமப் பிடிச்சு வெக்குது."

அவள் தலையாட்டினாள். பிறகு, அவன் கேட்கத் துணியாததை அவள் கேட்டாள்.

"என் தங்கச்சிக்கு இந்த மாத்திரை கேட்டிருக்குமா டாக்டர்?"

டாக்டர் அவனைப் பார்த்தார். அவன் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தான். அது போன மாதத்திலேயே நின்றிருந்தது.

"அவங்களைப் பரிசோதிக்கலையே. அவங்ககிட்டயும் இதே கோளாறு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இருந்திருந்தா... கேட்டிருக்கலாம். கேட்டிருக்கும்னு சொல்ல மாட்டேன்." அவன் பக்கம் திரும்பினார். "குழந்தைக்கு இப்ப எந்தப் பரிசோதனையும் வேண்டாம் தம்பி. பதினெட்டு தாண்டட்டும். அப்ப அவளே முடிவு பண்ணட்டும். ஆனா சார், உங்க அக்காங்களுக்குப் பொண்ணுங்க இருக்காங்களா?"

"பெரியக்காவுக்கு ரெண்டு. சின்னக்காவுக்கு ஒண்ணு."

"அவங்களுக்குச் சொல்லணும். சீக்கிரம். வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சா செய்யறதுக்கு நிறைய இருக்கு."

"அவங்களோட இப்பப் போக்குவரத்து இல்ல டாக்டர். சண்டையெல்லாம் இல்ல. அக்கா போனதும் விட்டுப்போச்சு."

பஸ்ஸில் மாமியார் சன்னலோரம் உட்கார்ந்தார். மூன்று நிறுத்தம் தாண்டியதும், யாரையும் பார்க்காமல் சொன்னார். "ரெண்டு வருஷமா நான் என் வயித்தை அறுத்துப் போடலாமான்னு நெனச்சிருக்கேன். தெரியுமா உங்களுக்கு?"

மாமனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். உட்கார இடம் இருந்தது.

*

அன்று சாயங்காலம் அவன் அலமாரியின் அடித்தட்டிலிருந்து மனைவியின் ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்தான். இரண்டு வருஷமாகத் தொடாதது. முதல் பக்கமே அந்தப் பாரம்தான். அவன் கையெழுத்து. வரைபடத்தில் தெருப்பெயர் எழுதுகிற மாதிரி சின்னச் சின்னதாய், ஒழுங்காய். ஐந்தாம் கேள்விக்கு நேரே 'இல்லை'.

அந்த நாள் முழுசாக ஞாபகம் வந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை யாருக்கோ என்னமோ இருந்துச்சுன்னு கேட்டிருக்கேன். எதுக்கும் அப்பாகிட்ட ஒரு தடவை கேட்டுடுங்க" என்றாள். அவன் அங்கிருந்தே போன் பண்ணினான். பின்னால் இயந்திரம் சுற்றும் சத்தம். மாமனார் கத்திப் பேசினார்: "யாருக்கும் கிடையாது மாப்ள. எங்க வீடு சுத்தம்." அவளிடம் சொன்னான். "சரி, அப்ப இல்லன்னே எழுதுங்க" என்றாள். ஆம் என்று எழுதியிருந்தால் இன்னொரு பரிசோதனை என்று பாரத்தின் அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. அதை அவன் இன்றுதான் படித்தான்.

அத்தை என்று அவள் சொன்னாளே. அதை அவன் ஏன் எழுதவில்லை? படித்தவன். கோடு போடுகிறவன். பெரியவர் சொன்னதே போதும் என்று விட்டுவிட்டான்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா படிக்கிறீங்க?"

"பழைய கணக்கு."

"தப்பா போட்டீங்களா?"

"ஆமா."

"எங்க டீச்சர் தப்புக்குப் பக்கத்துல சரியானதை எழுதச் சொல்வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் கோப்பை மூடினான். அழுகை வரவில்லை. முகம் கழுவினான், சோறு வைத்தான்.

*

மறுநாள் காலையில் லாண்டரிக் கதவு பாதிதான் திறந்திருந்தது. பாய்லர் சூடேறும் சத்தம் மட்டும். ஆவி வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். "உள்ள போங்க எஞ்சினியர். நான் இன்னும் பத்து நிமிஷம் டீ குடிப்பேன்" என்றார். டம்ளர் காலியாகத்தான் இருந்தது.

மாமனார் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். பெரியவள் பின்னால் நாற்காலியில். இயந்திரம் நின்ற இடத்தில், நான்கு துருக்கறைக்கு நடுவில், ஒரு துணிக்கூடை வைத்திருந்தது. யாரோ அந்த இடத்தை மிதித்திருக்கிறார்கள்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயிருந்து எனக்கு ஒரு போன் பண்ணீங்க. சின்னவளைச் சேர்த்த அன்னிக்கு. பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"என்ன கேட்டீங்க?"

ஞாபகமில்லை என்று சொல்லலாம். பாதி ராத்திரி வரைக்கும் அவன் அதைத்தான் சொல்லிப் பழகியிருந்தான். பெரியவள் கண்ணால் வேண்டாம் என்பதுபோல ஏதோ சொன்னாள். அல்லது சொல் என்றாளோ. அவனுக்குப் புரியவில்லை.

"உங்க குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் இருந்துச்சான்னு கேட்டேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"யாருக்கும் இல்ல, எங்க வீடு சுத்தம்னு சொன்னீங்க."

மாமனார் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எண்ணி மூச்சு விடுகிறவர் போல இருந்தார்.

"அவ அத்தைன்னு சொன்னா மாமா. நான் எழுதல. எழுதினது நான்தான். கையெழுத்தும் என்னுது" என்றான்.

"உங்களுக்கு என் அக்காங்களைத் தெரியுமா? நீங்க பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

"அப்ப அதை உங்க தலையில ஏத்திக்காதீங்க. நான் பார்த்திருக்கேன். பெரியக்கா என்னை இடுப்புல தூக்கி வளர்த்தவ. ரெண்டு பேர் துணியிலயும் புள்ளியை எங்கப்பா அழிச்சப்ப விளக்குப் பிடிச்சது நான்." அவர் குரல் உடையவில்லை. வற்றிப்போயிருந்தது. "முந்நூறு வீட்டுத் துணியில ஒரு கைக்குட்டை மாறினா நின்ன இடத்துல சொல்வேன். என் வீட்ல அஞ்சு பொம்பளைங்க. எனக்குத் தெரியல மாப்ள."

சின்னவளுக்கு அந்த மாத்திரை கேட்டிருக்குமா என்று அவர் கேட்பார் என்று அவன் பயந்தான். அவர் கேட்கவில்லை. டாக்டர் சொன்னது அவர் காதிலும்தான் விழுந்திருந்தது.

முக்காலியைப் போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து பழுப்புத் தாள் பொட்டலத்தை இறக்கினார். கேட்காமலே பிரித்தார். மேலே நீலத்தில் ஒரு சட்டை. அவள் வீட்டில் போட்டுக்கொள்வது. இரண்டு வருஷத்து மடிப்பு அப்படியே நின்றது. வாசனை இல்லை. சலவை வாசனைகூட இல்லை.

காலரைத் திருப்பினார். கட்டமும் கோடும். பெரியவள் நீட்டிய பேனாவை வாங்கி, அதற்குப் பக்கத்தில், அழிக்காமல், மூன்று புள்ளி வைத்தார். முதல் புள்ளி சரியாக விழுந்தது. இரண்டாவது ஒழுகிப் பரவியது. மூன்றாவதை வைக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

"குழந்தை துணியெல்லாம் கொண்டாங்க. அதுக்கும் ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

அவன் சட்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான். எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. பெரியவள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, எதிர்முனையைப் பிடித்து, அவனோடு சேர்ந்து அதை மறுபடி மடித்தாள்.

"பெரியக்கா மக நம்பர் யார்கிட்ட இருக்கும்?" என்றார் மாமனார்.

"உங்க தம்பிகிட்டயிருந்து நான் நேத்தே வாங்கிட்டேன்" என்று உள்வாசலில் மாமியார் சொன்னார். பஸ்ஸுக்கு அப்புறம் அவரிடம் பேசுகிற முதல் வார்த்தை. "மூணு பேர் நம்பரும் இருக்கு. எடுத்துப் பேசுங்க. இதையாவது வாய் திறந்து சொல்லுங்க."

அவன் எண்ணை அழுத்தி, போனை மாமனாரிடம் கொடுத்தான். இயந்திரங்கள் ஓடவில்லை. மறுமுனையில் மணி அடிப்பது எல்லோருக்கும் கேட்டது. ஐந்தாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். சமையல் நடுவே எடுத்த குரல். பின்னால் ஏதோ குழந்தை சத்தம்.

"ஹலோ? யாரு?"

மாமனார் வாயைத் திறந்தார். என்ன முறை சொல்வதென்று தேடுகிறார் என்று அவனுக்குத் தெரிந்தது. முப்பது வருஷம் பேசாத மாமன் என்பதா, லாண்டரிக்காரன் என்பதா.

"ஹலோ, யாருங்க?"

"உங்கம்மா வீட்லயிருந்து பேசறேம்மா" என்றார்.